உன்னைக் கேட்காமல் கட்டிய ஃபிளக்ஸ்

ஆத்தா, கடையில் உட்கார்ந்துகொண்டு அப்பா எழுதுகிறேன். காலை ஒன்பது மணிக்குக் கரண்டை நிறுத்திவிட்டார்கள். மாதாந்திரப் பராமரிப்பு நாள். சாயங்காலம் ஐந்து மணிவரை கம்பம் ஊருக்குள் எந்த மிஷினும் ஓடாது. நம் பிரிண்டர் துணியைப் போர்த்திக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறது. நான்தான் உட்கார முடியாமல் வாசலுக்கும் மேசைக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். பதினோரு வருஷமாக அடுத்தவர்களுக்கு ‘வருக வருக’ என்றும் ‘கண்ணீர் அஞ்சலி’ என்றும் எழுதிக் கொடுத்தவன். சொந்தமாக நாலு வரி எழுத வேண்டும் என்றதும் கை ஓடவில்லை. உன் அம்மாதான் காலையில் தோசையை வைத்துவிட்டுச் சொன்னாள்: "போன் பண்ணுனா நீங்க கத்துவீக, அவ வெச்சுருவா. எழுதுங்க. எழுதும்போது கத்த முடியாதுல்ல." நீ தேனிக்கு, உன் அறைக்குப் போய் மூன்று நாள் ஆகிறது. போனை எடுக்கிறாய், ‘சாப்பிட்டாச்சு’ என்கிறாய், வைத்துவிடுகிறாய். அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் வேளாவேளைக்குப் போன் பண்ணிக்கொண்டிருக்கிறேன்.

நடந்ததை வரிசையாக வைக்கிறேன். உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் எனக்கு அது தேவைப்படுகிறது. உன் அத்தை மகள் தர்ஷினிக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை கூடலூரில் பெரியவளான சடங்கு. நான் தாய்மாமன். பச்சை ஓலையில் அவளுக்குக் குச்சு கட்டுவது என் பொறுப்பு, சீர் கொண்டுபோவது என் பொறுப்பு. ஃபிளக்ஸ் கடை வைத்திருக்கிற தாய்மாமன் என்பதால் ஃபிளக்ஸும் என் பொறுப்பு என்று யாரும் சொல்லாமலே முடிவாகிவிட்டது. அந்தப் பிள்ளை மட்டும் தன் அம்மாவிடம் ஃபிளக்ஸ் வேண்டாம் என்று அடம்பிடித்திருக்கிறாள். எட்டாம் வகுப்புப் படிக்கிறவளுக்கு இதையெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது என்று அத்தை தோண்டித் துருவியதில் உன் பெயர் வந்தது. நீயும் உன்னோடு படித்த நாலு பேரும் அவள் பள்ளியில்தான் ஆறு வாரமாக வளர்கிற உடம்பைப் பற்றியும் சம்மதத்தைப் பற்றியும் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தீர்கள். அத்தை இன்னும் மூன்று அம்மாமார்களைக் கூட்டிக்கொண்டு தலைமையாசிரியையிடம் போனாள். அந்த அம்மா நல்லவர்தான், ஆனால் நாலு பேர் ஒன்றாக வந்து நின்றால் அவர்தான் என்ன செய்வார்? திங்கட்கிழமை பெற்றோர் கூட்டம் போட்டுப் பேசிக்கொள்ளலாம், அதுவரைக்கும் வகுப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இங்கேதான் உன் அப்பா புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். உன் அத்தையிடம் பேசினேன். அவள் ஒரே வார்த்தையில் முடித்தாள். வெள்ளிக்கிழமைக்குள் ஃபிளக்ஸ் எழுந்துவிட்டால் அவள் திங்கட்கிழமை கூட்டத்தில் வாயைத் திறக்க மாட்டாள், மற்ற மூன்று பேரையும் அடக்கிவிடுவாள். ஃபிளக்ஸ் எழாவிட்டால் உன் வகுப்பு அந்தப் பள்ளியில் மட்டுமல்ல, இந்தப் பள்ளத்தாக்கில் எங்கேயும் நடக்காமல் பார்த்துக்கொள்வாள். உன் அத்தை சொன்னால் செய்வாள் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்கு இது நல்ல வழியாகப் பட்டது. ஒரு வாரம் அந்தப் பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால் உன் வகுப்பு பிழைத்துவிடும். ஏதோ சாதித்துவிட்டவன் மாதிரி வீட்டுக்கு வந்து உன்னிடம் சொன்னேன். நீ சந்தோஷப்படுவாய் என்று நிஜமாகவே நினைத்தேன், ஆத்தா. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். கையை எடுத்துவிட்டாய். "அவ வேணாங்குறதுக்கு மேல ஏறி நின்னுக்கிட்டு நான் என்னத்தப்பா சொல்லிக்குடுக்க?" என்று கேட்டாய். நான் பதிலுக்குச் சொன்னதைத் திருப்பி எழுத எனக்கே கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். ஊர்ப் பிள்ளைகளைக் கெடுத்தது போதும், ஒழுங்காக ஒரு வேலைக்குப் போ என்றேன். நீ பையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போய்விட்டுத் திரும்பி நின்றாய். கத்தவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாய். "அன்னைக்கு என் ஃபிளக்ஸக் கிழிச்சது நாந்தேன்ப்பா. நீங்க மறுநாளே இன்னும் உசரத்துல கட்டுனீக." அவ்வளவுதான். படியிறங்கிப் போய்விட்டாய். உன் அம்மா எச்சில் தட்டை எடுத்துக்கொண்டே, தனக்கு இது அப்போதே தெரியும் என்றாள். பத்து வருஷமாக இந்த வீட்டில் எனக்கு மட்டும் தெரியாத ஒன்று இருந்திருக்கிறது.

அந்த ஃபிளக்ஸைப் பற்றி நான் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. மதுரையிலிருந்து பழைய பிரிண்டரை வாங்கிக் கடையைத் திறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நீ பெரியவளானாய். எனக்கு ஒரே மகள், கையில் சொந்த மிஷின். கேட்க வேண்டுமா? ஸ்டூடியோவில் பட்டுப்புடவை கட்டிக் கைகூப்பி நிற்கவைத்துப் படம் எடுத்தோம். இருபதுக்குப் பத்து அளவில், பின்னால் மயில், முன்னால் தாமரை, மேல் வரிசையில் உன் மாமன்கள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு. ‘எங்கள் வீட்டுத் தேவதை’ என்று பொன் எழுத்தில் நானே போட்டேன். பஸ் ஸ்டாண்டு போகிற வழியில் பாலத்துச் சுவரை ஒட்டி ரீப்பர் கட்டை அடித்து நிறுத்தினேன். மூன்று நாளில் எடுக்க வேண்டியதை எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. வலது மூலையில் கடைப் பெயரும் போன் நம்பரும் இருந்தது. நல்ல விளம்பரமாக இருந்தது. ‘உங்க மகளுக்கு அடிச்ச மாதிரியே எங்களுக்கும் வேணும்’ என்று ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். என் சந்தோஷம் பொய்யில்லை ஆத்தா, உன்மேல் இருந்த பிரியமும் பொய்யில்லை. ஆனால் அதற்குள்ளேயே வியாபாரமும் இருந்தது.

நீ அந்த நாட்களில் பஸ் ஸ்டாண்டு வழியாகப் பள்ளிக்குப் போகாமல் வாய்க்கால் கரையோடு திராட்சைத் தோட்டங்களைச் சுற்றிக்கொண்டு போனாய் என்று அம்மா முந்தாநாள்தான் சொன்னாள். பையன்கள் உன்னைப் பார்த்தால் கைகூப்பிக் காட்டினார்களாம், ‘தேவதை’ என்று கூப்பிட்டார்களாம். ஊரில் இருக்கிற டீக்கடைக்காரர், டிரைவர், காய் ஏற்றுகிற ஆள் எல்லாருக்கும் உன் உடம்பில் நடந்த ஒரு விஷயத்தை நான் இருபது அடியில் அறிவித்திருக்கிறேன். அப்போது அப்படி எனக்குத் தோன்றவே இல்லை. எல்லாரும் செய்வதுதானே என்றிருந்தேன். நான் உன்னிடம் படத்தைக் காட்டிக் கேட்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ‘எப்படி இருக்கு?’ என்றேன். நீ ஒன்றும் சொல்லவில்லை. வெட்கப்படுகிறாள் என்று சிரித்துக்கொண்டே பிரிண்டரை ஓட்டினேன்.

பன்னிரண்டாம் நாளோ என்னவோ, காலையில் போய்ப் பார்த்தால் ஃபிளக்ஸில் உன் முகம் மட்டும் இல்லை. வட்டமாக வெட்டி எடுத்திருந்தது. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. எதிரே ஃபிளக்ஸ் கடை வைத்திருக்கிறவர்தான் தொழில் பொறாமையில் செய்திருக்கிறார் என்று முடிவுகட்டி, நடுரோட்டில் நின்று அவரையும் அவர் பரம்பரையையும் இழுத்துப் பேசினேன். அதோடு விடவில்லை. மறுநாளே புதிதாக அடித்தேன், இந்த முறை இருபத்தைந்துக்குப் பன்னிரண்டு, கை எட்டாத உயரத்தில் கட்டினேன். இப்போது அம்மா சொல்லித்தான் தெரிகிறது: டியூஷனுக்குப் போகிறேன் என்று விடியற்காலையில் கிளம்பி, தாத்தாவின் திராட்சைக் கத்தரியை எடுத்துக்கொண்டு, பாலத்துச் சுவரில் ஏறி நின்று ஒரு பதிமூன்று வயதுப் பிள்ளை எனக்குச் சொன்ன பதில் அது. அதற்கு நான் இன்னும் ஐந்தடி கூட்டிக் கட்டியிருக்கிறேன். உன்னிடம் நான் ‘கெடுக்கிறாய்’ என்று சொன்ன வாயை என்ன செய்வது?

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு வெளியே போனேன். எதிர்க்கடையிலும் கரண்ட் இல்லை. அவரும் ஸ்டூலைப் போட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். பத்து வருஷமாக இந்த ரோட்டை நான் தாண்டியதில்லை. இன்று தாண்டினேன். நின்றுகொண்டே, அன்றைக்குக் கிழித்தது நீங்கள் இல்லை என்று இப்போதுதான் தெரிந்தது என்றேன். யார் என்று நான் சொல்லவில்லை. அது உன் விஷயம். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எனக்கு அது பத்து வருசமாத் தெரியுமேய்யா" என்றார். பிறகு டீ சொன்னார். குடித்தேன். மனது லேசாகும் என்று போனேன், ஆகவில்லை. தப்பாகப் பேசிய ஒருவரிடம் சொல்லிவிட்டேன், தப்பு செய்தது உன்னிடம்தானே.

இப்போது நீ அறியாத ஒன்றைச் சொல்கிறேன். உட்கார்ந்து படி. எங்கள் தொழிலில் நிறையப் பேர் நல்ல படம் கொண்டுவர மாட்டார்கள். யூனிபாரத்தில் எடுத்த பாஸ்போர்ட் சைஸ் படத்தைக் கொண்டுவந்து, பட்டுப்புடவையில் நிற்கிற மாதிரி போட்டுக்கொடுங்கள் என்பார்கள். முகத்தை எடுத்து வேறொரு படத்தில் ஒட்டுவோம். அந்த வேறொரு படம், ஆத்தா, உன் படம்தான். புடவை கட்டிக் கைகூப்பி நிற்கிற உன் படத்தை நான் மாதிரியாக வைத்துக்கொண்டேன். பத்து வருஷம். சின்னமனூருக்கும் உத்தமபாளையத்துக்கும் குச்சனூருக்கும் எத்தனை பிள்ளைகளின் முகத்தை அதில் ஒட்டிக் கொடுத்தேன் என்று எனக்கே தெரியாது. அந்தக் கோப்புக்கு உன் பெயரைத்தான் வைத்திருக்கிறேன். உன்னைக் கேட்க வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. என் மகள், என் கேமராக்காரன், என் கம்ப்யூட்டர், யாரைக் கேட்பது என்றிருந்துவிட்டேன். தர்ஷினிக்குத் தயார்செய்ததும் அதில்தான். அவள் முகத்துக்குக் கீழே உன் கை. இடது கட்டைவிரலில், சின்ன வயதில் தாத்தாவோடு திராட்சை வெட்டப் போய்க் கத்தரி பட்ட தழும்பு இருக்கிறதே, பெரிதாக்கிப் பார்த்தால் அதுகூடத் தெரிகிறது. செவ்வாய்க்கிழமை முழுக்க அதைப் பார்த்துக்கொண்டு அடிக்கவும் முடியாமல் மூடவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அதனால்தான் நேற்று வண்டியை எடுத்துக்கொண்டு கூடலூருக்குப் போனேன். அந்தப் பிள்ளையை நானே கேட்டுவிடலாம் என்று. கேட்பதும் ஒரு வேலை, அதையும் பழக வேண்டும் என்பது நேற்றுத்தான் தெரிந்தது. போன உடனே அவள் அம்மாவும் அப்பாவும் பக்கத்தில் நிற்க, "என்னாத்தா, ஃபிளக்ஸ் வேணாங்குறியாமே?" என்று கேட்டேன். அவள் தரையைப் பார்த்தாள். உன் அத்தை உடனே, "பாத்தீகளாண்ணே, ஒண்ணுஞ் சொல்ல மாட்டேங்குறா, எல்லாஞ் சரிதேன்" என்றாள். எனக்கு உன் வகுப்பு ஞாபகம் வந்தது. ஒரு தடவை நீ மறந்துவிட்டுப் போன பையைக் கொடுக்க வந்தபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேனே. தரையில் சாக்பீஸால் ஆளுக்கொரு வட்டம், ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஒரு பிள்ளை. உள்ளே வர வேண்டும் என்றால் கேட்க வேண்டும். சரி என்றால் வரலாம், வேண்டாம் என்றால் நிற்க வேண்டும், பேசாமல் இருந்தாலும் நிற்க வேண்டும். ‘பேசாம இருந்தா அது சரின்னு அர்த்தமில்ல’ என்று எல்லாரையும் சத்தமாகச் சொல்லச் சொன்னாய். அன்று வீட்டுக்கு வந்து, இதென்ன பாண்டி விளையாட்டுக்குச் சம்பளமா என்று உன்னைக் கேலி செய்தேன். வயசு வந்த உடம்பைப் பற்றிய பாடம் புத்தகத்தில் வந்தால், வீட்டில் படித்துக்கொள்ளுங்கள் என்று வாத்தியார் பக்கத்தைத் தள்ளிவிட்ட வகுப்பில் படித்தவன் நான். எனக்கு வேறு என்ன தெரியும்?

உன் அத்தையையும் மாமாவையும் வெளியே அனுப்புவதற்குப் பெரும்பாடாகிவிட்டது. தாய்மாமன் தனியாகப் பேச வேண்டும் என்று கொஞ்சம் முறுக்கிக்கொண்ட பிறகுதான் போனார்கள். நான் அவள் பக்கமாக நகர்ந்தேன். அவள் கையை உயர்த்தி, "மாமா, நீங்க அங்கனயே இருங்க" என்றாள். உன் விளையாட்டுத்தான். நான் கதவோரத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். அப்புறம் அவளாகவே பேசினாள். "சடங்கு வேணும் மாமா. சேல வேணும், பூ வெச்சுக்கணும், எல்லாரும் வந்து சாப்புடணும். ரோட்டுல என் மூஞ்சி மட்டும் வேணாம்." நீதானே அவளுக்கு மதினி. மதினி சொல்லிக்கொடுத்தாளா என்று கேட்டேன். மதினி ஃபிளக்ஸைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, தனக்கே பிடிக்கவில்லை என்றாள். ஃபிளக்ஸ் வேண்டாம் என்கிறவள் நாளைக்குச் சடங்கே வேண்டாம் என்பாள் என்று நானும் உன் அத்தையும் பயந்துகொண்டிருந்தோம். அந்தப் பிள்ளை எவ்வளவு தெளிவாக ஒன்றை எடுத்துக்கொண்டு ஒன்றைத் தள்ளிவைத்திருக்கிறது என்று ஆச்சரியமாக இருந்தது. அங்கேயே சரி என்று எழுந்து வந்திருக்க வேண்டும்.

வரவில்லை. உன்மேல் இருந்த கவலை என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் செய்தது செய்ததுதான். ‘ஃபிளக்ஸ் வைக்காவிட்டால் மதினியின் வகுப்பு நின்றுபோகும், உனக்குச் சம்மதமா?’ என்று அவளிடம் கேட்டேன். பதிமூன்று வயதுப் பிள்ளையிடம். அவள் ரொம்ப நேரம் பாயைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்ப அடிங்க மாமா" என்றாள்.

நான் அந்த ‘அடிங்க’வை வாங்கிக்கொண்டு சந்தோஷமாக வண்டியை எடுத்தேன். அவளே சரி என்று சொல்லிவிட்டாள், இனி உனக்குப் பேச என்ன இருக்கிறது என்று வழியெல்லாம் மனதுக்குள் உன்னோடு வாதாடி ஜெயித்துக்கொண்டு வந்தேன். பாதி வழியில் ஒரு தோப்பு, அதில் ஒரு மாட்டுக் கொட்டகை. விசேஷம் முடிந்த ஃபிளக்ஸெல்லாம் கடைசியில் அங்கேதானே போய்ச் சேரும். கூரைக்கு ஒன்று, சாரல் அடிக்காமல் பக்கவாட்டில் ஒன்று. பக்கவாட்டில் கட்டியிருந்தது நான் அடித்தது, மயிலை வைத்தே தெரிந்துகொண்டேன். தலைகீழாகக் கட்டியிருந்தார்கள். எந்த ஊர்ப் பிள்ளையோ, முகம் வெயிலில் வெளுத்துப்போயிருந்தது. கூப்பிய கை மட்டும் அழியாமல் இருந்தது. மாடு அதில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. நான் வண்டியை நிறுத்தினேன். அந்தக் கையைப் பார்க்க முடியவில்லை, பார்க்காமல் போகவும் முடியவில்லை. ரோட்டோரத்தில் நின்று அழுதேன், ஆத்தா. கேரளாவுக்குத் தோட்ட வேலைக்குப் போய்த் திரும்புகிற ஜீப்பில் இருந்த பெண்கள் எட்டிப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

தர்ஷினி சொன்ன ‘சரி’ என்னுடையதில்லை. அவளுடையதும் இல்லை. அவள் உன்மேல் வைத்த பிரியத்தைப் பிடித்து முறுக்கி நான் பிழிந்தெடுத்தது. பேசாமல் இருந்தால் அது சரி இல்லை என்று நீ சொல்லிக்கொடுத்தாய். பேசினாலும்கூட எல்லாச் சரியும் சரி இல்லை என்பதையும் நீ எந்த வாரத்திலாவது சொல்லிக்கொடுத்திருப்பாய். நான் ஜன்னலில் நின்றது ஐந்து நிமிஷம்தானே. அப்பாமார்களையும் ஒரு நாள் வட்டம் போட்டு உட்காரவை. கொஞ்சம் பெரிய வட்டமாகப் போடு, எங்களுக்கெல்லாம் தொப்பை.

மணி மூன்றரை. இப்போது தர்ஷினிக்குப் போன் பண்ணிவிட்டு வந்து எழுதுகிறேன். மாமா ஃபிளக்ஸ் அடிக்கவில்லை என்றேன். அவள் முதலில் கேட்டது, "அப்ப மதினி கிளாஸு?" என்பதுதான். "அது பெரியவக பாடு. ஒன் தலையில தூக்கி வெச்சது மாமா செஞ்ச தப்பு. நேத்து நீ சொன்ன சரிய நான் திருப்பிக் குடுத்துட்டேன், வாங்கிக்க" என்றேன். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அதற்குள் உன் அத்தை போனைப் பிடுங்கிவிட்டாள். ஏகப்பட்டது பேசினாள். சபையில் தலைகுனிய வைக்கிறாயே, ஊரில் எவள் மகளுக்கு ஃபிளக்ஸ் இல்லை, கூடப் பிறந்தவனே இப்படிச் செய்தால் என்று அழுதாள். அவள் அழுதது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அவளுக்கு மகள்மேல் பெருமை, அதை எப்படிக் காட்டுவது என்று இந்த ஊர் கற்றுக்கொடுத்தது இந்த ஒரு வழிதான். அதைக் கற்றுக்கொடுத்ததில் எனக்கும் பங்கு இருக்கிறது. குச்சு நானே கட்டுகிறேன், சீர்த்தட்டு ஒன்றுகூடக் குறையாது, மேளத்தோடு வருகிறேன், ஃபிளக்ஸ் மட்டும் கிடையாது என்றேன். கடைசியில் அவள், "அப்ப திங்கக்கிழம கூட்டத்துல பாத்துக்கிர்றேண்ணே" என்றாள். "பாரு. நானும் வாறேன்" என்றேன்.

ஆகவே, உன் வகுப்பு நின்றுபோகலாம். அதை நிறுத்தியது உன் அப்பா என்றும் ஆகலாம். நீ அந்தப் பிள்ளைகளுக்காக வெயிலில் பஸ் மாறி மாறிப் போனதும், கேள்வி எழுதிப் போடுகிற அந்தத் துணிப்பையில் ஒவ்வொரு வாரமும் சீட்டு கூடிக்கொண்டே வந்ததை நீ வீட்டில் சொல்லிச் சிரித்ததும் எனக்கு மறக்கவில்லை. எந்தப் பிள்ளையாவது கேட்காமல் விட்ட கேள்வி அந்தப் பைக்கு வெளியிலேயே தங்கிவிடுமோ என்று நினைத்தால் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் நீ கேட்டதுதான் சரி. அவள் வேண்டாம் என்றதன்மேல் ஏறி நின்றுகொண்டு நீ என்னத்தைச் சொல்லிக்கொடுப்பாய்? அப்பாவாக ஒன்று மட்டும் சொல்ல விடு. கோபம் வந்தால் பையைத் தூக்காதே, பேச்சை முடித்துவிட்டுத் தூக்கு. பத்து வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டியதை வாசற்படியில் வைத்துவிட்டுப் போய்விட்டாய், நான் பதில் சொல்ல ஆளில்லாமல் மூன்று நாளாகக் கடைக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறேன். ஒருவேளை நீ அப்போது சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன். அதுவும் உண்மைதான்.

கரண்ட் வந்துவிட்டது. மணி ஐந்துகூட ஆகவில்லை, இன்று பார்த்துச் சீக்கிரம் கொடுத்துவிட்டார்கள். பிரிண்டர் பச்சை விளக்கைப் போட்டுக்கொண்டு எனக்காகக் காத்திருக்கிறது. கம்ப்யூட்டரைத் திறந்தேன். முதலில் தர்ஷினியுடையதை அழித்தேன். பிறகு உன் பெயரில் இருந்த மாதிரியை எடுத்தேன். அழிக்கட்டுமா, நிச்சயமாகவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. இத்தனை வருஷத்தில் இந்தக் கடையில் ஒன்றைச் செய்வதற்கு முன்னால் கேட்டது அது ஒன்றுதான். நிச்சயமாக என்று அழுத்தினேன். ரோட்டோரங்களிலும் கொட்டகைகளிலும் கிடப்பதை என்னால் அழிக்க முடியாது. அதற்கு என்னை மன்னிக்க வேண்டும் என்று உன்னைக் கேட்கிறேன், மன்னித்துத்தான் ஆக வேண்டும் என்றில்லை.

ஒன்று மட்டும் பாக்கி. இந்த மன்னிப்பை வீட்டுக்குள் உன் காதில் மட்டும் சொல்லி முடிப்பது எனக்கு வசதி. செய்ததை ஊர் நடுவில் செய்துவிட்டு, மன்னிப்பை மட்டும் மூலையில் வைப்பதா? முதலில் இதையே இருபதுக்குப் பத்தில் அடித்து அதே பாலத்தில் கட்டிவிடலாம் என்றுகூடத் தோன்றியது. என் புத்தி எங்கே போகும்? அப்புறம்தான் அதுவும் உன்னைக் கேட்காமல் உன்னை ரோட்டில் நிறுத்துவதுதான் என்று உறைத்தது. அதனால் இந்தக் கடிதத்தை நாளைக் காலை முதல் பஸ்ஸில் ஏறி நானே தேனிக்குக் கொண்டுவருகிறேன். உன் அறைக்கு வர மாட்டேன், கீழேயே கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன். படித்துப் பார். திங்கட்கிழமை அந்தப் பெற்றோர் கூட்டத்தில், உன் அத்தைக்கும் மற்ற அம்மாமார்களுக்கும் முன்னால் நின்று இதை நான் வாசிக்கட்டுமா? அதற்குப் பிறகு யார் கேட்டாலும் படிக்கக் கொடுக்கட்டுமா? இதில் என் தப்பு மட்டும் இல்லை, உன் கதையும் இருக்கிறது. சரி என்றால் சரி என்று சொல். வேண்டாம் என்றால் கிழித்துப் போடு, கிழிப்பது உனக்குப் புதிதில்லை. இந்த முறை நான் திரும்ப எழுதிக்கொண்டு வர மாட்டேன். யோசிக்க நேரம் வேண்டும் என்றால் எடுத்துக்கொள், கூட்டம் போனாலும் போகட்டும்.

நீ பதிலே சொல்லாமல் இருந்தால், அதைச் சரி என்று எடுத்துக்கொள்ள மாட்டேன்.

உன் அப்பா